'என் படியை எனக்கு அளந்து': தென்மாவட்டச் சேகர கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் குருமார்களுக்கும், கமிட்டியாருக்கும், பொருளாளர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவிகளுக்கும் கிறிஸ்துவுக்குள் அன்பின் வணக்கம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அந்தக் கட்டில் நீதிமொழிகள் 30:8 இருந்து நாங்கள் பார்த்ததில்லை. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்ற வசனத்தைப் புது வருஷத்து வாக்காக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்? ஆனால் நீதிமொழிகள் புத்தகம் முழுவதிலும் ஜெபம் என்று இருப்பது ஆகூர் என்பவர் செய்த இந்த ஒன்றுதான். ஏன் இரண்டும் வேண்டாம் என்பதற்கும் அவரே காரணம் சொல்கிறார். நிறைந்துபோனால் 'கர்த்தர் யார்' என்று கேட்டுவிடுவேன், இல்லாமற்போனால் திருடிவிடுவேன் என்கிறார். நடுவில் அவர் கேட்பது, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்."

இந்த ஜெபத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. நம் பிரசங்கபீடங்களில் அது இரண்டாகக் கிழிந்துபோயிருக்கிறது. இல்லாதவனுக்கு 'போதுமென்கிற மனது' பிரசங்கம், இருக்கிறவனுக்கு 'ஆசீர்வாதம்' சாட்சி. முதல் வரிசையில் புதுக் காருக்கு ஸ்தோத்திர ஜெபம் நடக்கும். கடைசி வரிசையில் வாரத் தவணைக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு 'கர்த்தரையே நோக்கிப் பார்' என்று சொல்லி அனுப்புவோம். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். போதும் என்பதை மிஞ்சியிருக்கிறவனுக்குப் பிரசங்கியுங்கள். கடனில் இருக்கிறவனுக்குப் பிரசங்கத்தைவிட ஒரு நோட்டும் பேனாவும், கூட உட்கார இரண்டு பேரும் தேவை.

'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற பிலிப்பியர் 4:13-ஐ நாம் கார்க் கண்ணாடியிலும் பரீட்சை அட்டையிலும் ஒட்டுகிறோம். அதற்கு முந்தின இரண்டு வசனங்கள் பட்டினியைப் பற்றியும் குறைவைப் பற்றியும் பேசுகின்றன. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று சொன்னவர் காவலில் இருந்த பவுல். தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டது அது. பிலிப்பி சபையார் அவரிடம் 'மனரம்மியமாயிரும் ஐயா' என்று சொல்லி அனுப்பவில்லை. எப்பாப்பிரோதீத்து கையில் உதவி கொடுத்து அனுப்பினார்கள். அந்த நிருபமே அதற்கு வந்த பற்றுச்சீட்டு மாதிரிதான். வயிறு நிறைந்தவன் பசித்தவனைப் பார்த்து இதே வார்த்தையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை யாக்கோபு எழுதிவிட்டார்: "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன?

இனி கடன் விஷயத்துக்கு வருகிறோம். பேச வேண்டியது இதில்தான் அதிகம்.

நம் சபை வீடுகளில் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையை வாங்கிப் பாருங்கள். உள்ளே மடித்து வைத்த கடன் அட்டைகள் மூன்றோ நான்கோ இருக்கும். ஒவ்வொன்றிலும் வாரம் வாரம் போட்ட சின்னக் கையெழுத்து. அது குழுக் கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கமிட்டியார் கவனிக்கத் தவறுவது, அந்தக் குழுவில் இருக்கிற பெண்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிற பெண்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதை. செவ்வாய்க்கிழமை தவணை தவறியவள், தனக்காகக் கைக்காசு போட்ட பக்கத்து வீட்டுக்காரி முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் நின்றுவிடுகிறாள். நாம் அதற்கு 'ஆவிக்குரிய சோர்வு' என்று பெயர் வைத்து வீட்டுக் கூட்டம் போடுகிறோம்.

இந்தக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளையும் சேர்த்தால் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. வட்டியும் மற்றக் கட்டணங்களும் கடன் அட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் வீடுகள் ஏன் மூழ்குகின்றன?

ஒரு கட்டட வேலைக் குடும்பத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் செப்டம்பர் வரை ஒன்பது மாதம், மாதம் 20,000 ரூபாய் வருகிறது. ஐப்பசி அடைமழை பிடித்ததும் வேலை நின்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாதம் 9,000 ரூபாய்தான். கடன் கொடுக்க வருகிறவர் கோடையில் வருகிறார். படிவத்தில் 20,000 என்று எழுதுகிறார், பாதி 10,000 தவணை ஆகலாம் என்கிறார். படிவத்தில் எழுதிய 20,000-இன்படி அது பாதிதான். நவம்பரில் வீட்டுக்கு வருவதோ 9,000, கட்ட வேண்டியதோ 10,000. அரிசி வாங்கும் முன்பே 1,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டுக்கு, தினவசூலுக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரர் வருகிறார். அதே மூன்று மாதத்தில்தான் கிறிஸ்துமஸ் துணி, பவனிக் காணிக்கை, சபை விருந்தான அசனத்துக்குப் பங்கு எல்லாம் வருகின்றன. தூத்துக்குடி உப்பளத்திலும் மழைக்காலத்தில் வேலை கிடையாது. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். பனையேறிக்குப் பதனீர்ப் பருவம் தவிர மற்ற மாதங்கள். ஊருக்கு ஊர் மெலிந்த மாதம் வேறு. சபை நாட்காட்டியில் பண்டிகைகளைக் குறிக்கிற நாம் இந்த மாதங்களையும் குறிக்க வேண்டாமா?

ஆகவே படியை வருஷத்துக்கு அளக்க வேண்டும். மேற்படி குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 1,80,000-உம் 27,000-உம் சேர்த்து 2,07,000. பன்னிரண்டால் வகுத்தால் 17,250. இதுதான் அந்த வீட்டின் படி, 20,000 அல்ல. நல்ல மாதத்தில் 2,750 எடுத்து வைத்தால் ஒன்பது மாதத்தில் 24,750 சேரும். மழை மாதத்தில் குறைகிற 8,250-ஐ மூன்றால் பெருக்கினாலும் அதே 24,750. பார்வோன் நாட்டில் யோசேப்பு பஞ்சத்துக்கென்று ஐந்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தார். இங்கே ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே போதும். அதைத் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பதிவில்லாத கிறிஸ்துமஸ் சீட்டில் போட வேண்டாம். நடத்துகிறவர் நம் சபை ஆளே ஆனாலும் வேண்டாம், டிசம்பரில் அவர் இல்லாமற்போனால் கேட்க நாதியில்லை. கடன் தவணைக்கு உச்சவரம்பு என்னவென்று கேட்டால், மழை மாதத்து 9,000-இல் சாப்பாடு, வாடகை போக மீதியில் கட்டக் கூடியது மட்டுமே. பாதி என்பது கடன் கொடுப்பவருக்கு வைத்த எல்லை. வாங்குகிறவரின் எல்லை அதற்கு வெகு கீழே இருக்கிறது.

'சேர்த்து வைப்பது அவிசுவாசம் இல்லையா, மன்னா புழுத்துப் போயிற்றே' என்று கேட்கிறவர்கள் உண்டு. வனாந்தரத்தில் ஜனங்களுக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற அப்பத்தைப் பற்றிய யாத்திராகமம் 16-ஐ முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற நாளில் மீதிவைத்தது புழுத்து நாறியது. ஆறாம் நாளில் இரண்டத்தனையாகச் சேர்த்து வைத்தது நாறவுமில்லை, புழுக்கவுமில்லை. இரண்டும் அதே மன்னாதான். ஓய்வுநாளில் வானத்திலிருந்து வராது என்று கர்த்தர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதற்காக வைத்தது கெடவில்லை. அடைமழையும் தடைக்காலமும் முன்கூட்டியே சொல்லப்பட்டவைதான்.

ஏற்கெனவே கடனில் விழுந்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு சேகரத்திலும் மூன்று பேரை நியமியுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். அப்போஸ்தலர் 6-இல் விதவைகள் விசாரிப்பில் குறை என்று முறுமுறுத்தவர்கள் கிரேக்கமொழி பேசிய யூத விசுவாசிகள். நியமிக்கப்பட்ட ஏழு பேரின் பெயரைப் பாருங்கள், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்புக்கொடுத்தார்கள் என்றுதான் அதை வாசிக்கத் தோன்றுகிறது. நீங்களும் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவரை மட்டும் போடாமல், கடன் கட்டி மீண்டு வந்த ஒருவரையும் போடுங்கள்.

அந்த மூவர் முதலில் செய்ய வேண்டியது நோட்டுப் போடுவது. யாரிடம், எப்போது, எவ்வளவு என்று பேசியது, எவ்வளவு கையில் வந்தது, இதுவரை கட்டியது, பாக்கி, வட்டி, யார் ஜாமீன், என்ன எழுதிக் கொடுத்தது. கடைசிக் கேள்வியை விடக் கூடாது. வெற்றுப் புரோநோட்டு, கையெழுத்து மட்டும் போட்ட காசோலை, ஏ.டி.எம். அட்டை, வீட்டுப் பத்திரம் என்று ஏதாவது ஒன்று வெளியே போயிருக்கும். கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டுவிட்டுப் பிறகு சேர்த்து உட்கார வையுங்கள். அவளுக்கு அவனுக்குத் தெரியாத தண்டல் ஒன்று இருக்கும், அவனுக்கு அவளுக்குத் தெரியாத கைமாற்று ஒன்று இருக்கும். மறைந்து நின்ற அந்த ஒரு கடன்தான் போட்ட திட்டத்தை மூன்றாம் மாதத்தில் கவிழ்க்கும்.

அடுத்து வட்டியை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஜனங்களுக்குப் 'பத்து வட்டி' என்றால் பயம் உண்டு, நூற்றுக்கு மாதம் பத்து, வருஷத்துக்கு 120 சதவீதம். தண்டலுக்குப் பயம் கிடையாது. 10,000 என்று பேசி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். 'ஆயிரத்தைந்நூறுதானே' என்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதை யாரும் பார்ப்பதில்லை. ஐம்பது நாள் கழிந்ததும் அவர்கள் கையில் தண்டல்காரன் பணம் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது, வட்டியோ முழுத் தொகைக்கு, அதுவும் முன்கூட்டியே பிடித்தாயிற்று. ஆண்டுக் கணக்கில் போட்டால் அதுவும் 120 சதவீதத்தை ஒட்டியே வரும். பத்து வட்டியும் தண்டலும் ஒரே பாம்புதான் என்று எழுதிக் காட்டினால்தான் புரியும், வாயால் சொன்னால் புரியாது.

பிறகு வரிசை. புதுக் கடன் வாங்குவதை அன்றே நிறுத்த வேண்டும், 'பழையதை அடைக்கத்தான்' என்பதும் சேர்த்து. குழுத் தவணையைத் தவறாமல் கட்ட வேண்டும், அது தவறினால் சுமை பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் விழும். மிச்சம் வருகிற ஒவ்வொரு ரூபாயும் வட்டி அதிகமான கடனுக்குப் போக வேண்டும், அதிகமாகச் சத்தம் போடுகிறவருக்கு அல்ல. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வாசலில் நின்று கத்துகிறவருக்குக் கொடுத்துவிட்டு, அமைதியாக வட்டி ஏற்றுகிறவரை விட்டுவிடுவார்கள். வீட்டில் ஒரு கிராம் இரண்டு கிராம் நகை சும்மா இருந்தால், கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ அடகு வைத்துத் தண்டலை ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்த அன்றே புரோநோட்டைக் கையில் வாங்கிக் கிழிக்க வேண்டும். 'நாளைக்குத் தருகிறேன்' என்றால் மூவரில் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும்.

வங்கியோ நுண்கடன் நிறுவனமோ விதி மீறினால் முதலில் அவர்களுடைய குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தண்டல்காரருக்கு இந்த வழி செல்லாது, அவர் ரிசர்வ் வங்கிக்குக் கீழே வருகிறவர் அல்ல. அங்கே 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும் காவல் நிலையமும்தான். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-இல் கேட்கலாம். 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டி தாளாமல் ஒரு குடும்பம் தீக்குளித்தபோதும் அந்தச் சட்டம் இருந்தது, பதினான்கு வருஷமாக. மனு கொடுக்கப் போகிறவரோடு சபையிலிருந்து இரண்டு பேர் கூடப் போவது ஜெபக் கூட்டத்துக்கு எந்த விதத்திலும் குறைந்த ஊழியம் அல்ல.

2 இராஜாக்கள் 4-இல் கடன்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வந்தபோது எலிசா அந்த விதவையிடம் கேட்டது வீட்டில் என்ன இருக்கிறது என்று. அவளிடம் இருந்த ஒரு குடம் எண்ணெய் பெருகிய பிறகு அவர் சொன்ன வரிசை: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு ஜீவனம்பண்ணுங்கள். அற்புதம் நடந்த வீட்டிலும் கணக்கு முடிக்கப்பட்டது. 'விசுவாசத்தால் கடனை ரத்து செய்கிறோம்' என்று மேடையில் கத்துகிறவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்கலாம்.

இதிலிருந்து காணிக்கைக்கு வருகிறோம், கொஞ்சம் கசப்பாகவே. கடன் வாங்கித் தசமபாகம் போடாதீர்கள் என்று பீடத்திலிருந்து ஒரு தடவையாவது சொல்லுங்கள். 120 சதவீத வட்டிக்கு வாங்கி உறையில் போட்ட பணம் தண்டல்காரன் பணம். உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும், இல்லாததின்படியல்ல என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது தெளிவாக இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைக் கேட்கும் மல்கியா 3:10-ஐ வருஷத்துக்குப் பத்துத் தடவை பிரசங்கிக்கிறவர்கள் உபாகமம் 14-இன் கடைசி இரண்டு வசனங்களையும் ஒரு தடவை எடுக்கலாம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் வாசலிலேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்கிறது அது.

ஏழை கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. லேவியராகமம் 5-இல் ஆடு இல்லாதவனுக்கு இரண்டு புறா, அதுவும் இல்லாதவனுக்கு ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு. எப்பாவில் பத்தில் ஒன்று என்பது ஒரு ஓமர், அதாவது வனாந்தரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அளந்த மன்னா. மிக ஏழையிடம் கர்த்தர் கேட்ட உச்சம் ஒரு ஆளின் ஒரு நாள் படி. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய இந்த மண்ணில், உலை வைக்கும்போது காணிக்கைக்கென்று எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசி என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா பின்னாளில் தோர்ணக்கலில் பேராயராக இருந்தபோது, நிலமில்லாத கூலிக்காரச் சபைகளும் அப்படியே கைப்பிடி எடுத்து வைத்தன. உலை வைக்கிறவள் தன் பானையைப் பார்த்துத் தன் கையால் எடுக்கிறாள். எவ்வளவு என்று வேறொருவர் சொல்வதில்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டி தீர்மானம் போட்டு, பாக்கிக்காரர் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டும்போது அது காணிக்கை என்பதிலிருந்து வரி ஆகிவிடுகிறது.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. அசனமும் ஏலமும் நம் ஊர்களின் சந்தோஷம், அதைக் கெடுக்க நினைக்கவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதும், எடுத்தவரே திருப்பிக் கொடுக்க மறுபடி ஏலம் போவதும் வேடிக்கையாகவே தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலான ஏலம் கடனில் நடக்கிறது. 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று மைக்கில் இழுக்கும்போது, மாமன் மச்சான் முன்னால் இறங்க முடியாமல் ஒரு பையன் ஏலக் கேள்வியை ஏற்றிவிடுவான். மூன்று மாதம் கழித்து 'ஏலப் பாக்கி' என்று அவன் அப்பா பெயர் சபையில் வாசிக்கப்படும். நாங்கள் கேட்பது சின்ன மாற்றங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஏலம் அன்றே பணம் கட்டுகிறவருக்கு மட்டும் முடியட்டும். இருபத்தொரு வயதுக்குக் கீழே இருக்கிறவர்கள் ஏலம் கேட்க வேண்டாம். பாக்கி எதையும் பெயர் சொல்லி வாசிக்க வேண்டாம். ஏல வருமானத்தில் பத்தில் ஒன்று, சுற்றுச்சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் போகும் முன்பே, மேலே சொன்ன மூவர் கையில் போகட்டும். வசூல் குறையும் என்று பொருளாளர் சொல்வார். குறையலாம். எழுதிவைத்து வராமற்போன பாக்கியைக் கழித்துவிட்டு ஒப்பிட்டால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

கலியாணச் செலவு, வரதட்சணை, சபை நிறுவன வேலைக்கு எங்கெல்லாம் பணம் கேட்கப்படுகிறதோ அந்த வழக்கம் ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே மடல் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். வேலைக்கு லட்சக்கணக்கில் வாங்கும் கமிட்டி, அந்த லட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுத்த குடும்பத்துக்குப் 'பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர்' என்று போதிக்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

இனி முதல் வரிசைக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர்களாக இருக்கிற தம்பதிகள், வங்கி வேலையில் இருப்பவர்கள், வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள், கடை உரிமையாளர்கள். இவர்களுக்கு 1 தீமோத்தேயு 6:17-18 வெறும் ஆலோசனையாக எழுதப்படவில்லை, கட்டளையிடு என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது. நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காமல், நற்கிரியைகளில் ஐசுவரியவான்களாக இருக்கும்படி. எத்தனை சேகரத்தில் இந்தக் கட்டளை இடப்படுகிறது? ஆகூர் முதலில் பயந்தது நிறைவுக்குத்தான். நிறைந்தவன் கர்த்தரை மறுதலிக்கிறது சத்தமில்லாமல் நடக்கும். கோயிலுக்கு வருவது நிற்காது, காணிக்கை நிற்காது, ஜெபத்தில் கேட்பதற்கு மட்டும் ஒன்றும் இருக்காது.

இதற்கும் ஒரு அளவு வேண்டும், வெறுமனே 'தாராளமாயிருங்கள்' என்றால் நடக்காது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆக்ஸ்போர்டு நாட்களைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வார்கள். வருமானம் 30 பவுன் இருந்த வருஷத்தில் 28-இல் வாழ்ந்து 2 பவுன் தருமம். மறுவருஷம் 60 வந்தது, 28-இலேயே வாழ்ந்து 32 கொடுத்தார். அடுத்து 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அவர் செய்ததெல்லாம் செலவுக்குக் கோடு போட்டு அதை நகர்த்தாமல் வைத்ததுதான். பத்தில் ஒன்று என்ற கணக்கு வசதிக்காரரை மிகச் சுலபமாக விட்டுவிடுகிறது. மாதம் 1,20,000 வாங்குகிறவர் 12,000 கொடுத்துவிட்டு மீதி 1,08,000-க்கும் யாரிடமும் கணக்குச் சொல்லாமல் இருக்கலாம்.

வீட்டில் செய்யக் கூடியது இது. இப்போதைய மாதச் செலவை, பிள்ளைகள் படிப்பும் வயதான பெற்றோர் மருந்தும் சேர்த்து, மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். அந்தச் சராசரியை மூன்று வருஷத்துக்கு உச்சம் என்று கணவனும் மனைவியும் கையெழுத்துப் போடுங்கள், விலைவாசிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை திருத்திக்கொண்டு. அகவிலைப்படி உயர்வு அந்தத் திருத்தத்துக்குப் போகட்டும். சம்பள உயர்வும் நிலுவைத் தொகையும் கோட்டுக்கு மேலே வருகிறவை, அவை வந்த மாதமே வெளியே போக வேண்டும். ஒரு மாதம் கணக்கில் தங்கினால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும், இரண்டாவது மனை என்றோ மாடிக்கு இன்னொரு அறை என்றோ. கோடு உடைகிற இடம் பெரும்பாலும் பிள்ளைகள் கலியாணம். அதை முன்கூட்டியே தனி வரியாக எழுதிக்கொண்டவர்கள் தப்பிக்கிறார்கள்.

சாட்சி நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். கார், வீடு, வெளிநாட்டு விசா ஆகியவற்றுக்கு ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மாதம் ஒரு கடன் அட்டை முடிந்தவருக்கும், கோட்டுக்கு மேலே வந்ததை முழுவதும் கொடுத்தவருக்கும் அதே மைக் கிடைக்கட்டும், பிந்தினவர் பெயர் சொல்லாமல் சேகரகுருவே வாசிக்கட்டும்.

கடைசியாக நிதியைப் பற்றி. மூவர் கையில் வரும் பணத்தை வட்டிக்கு விடக் கூடாது, இது யாத்திராகமம் 22:25. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்தில் இவ்வளவு என்று வரம்பு வையுங்கள், சின்னச் சேகரத்துக்கு 10,000 ரூபாயில் தொடங்கலாம். மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ கடன்காரருக்கோ நேரே கட்டுங்கள், ரொக்கமாகக் கையில் கொடுத்தால் அது அன்று மாலையே வாசலில் கத்துகிறவரிடம் போய்விடும். திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டு ஆள் அனுப்பாதீர்கள். பேரேட்டில் எண் மட்டும் இருக்கட்டும், எண்ணுக்குரிய பெயர் சேகரகுருவின் பெட்டியில் தனியே இருக்கட்டும். சபைத் தேர்தல் வருஷத்தில் இந்த நிதியைத் தொட கமிட்டி வேட்பாளர் எவருக்கும் அனுமதி இருக்கக் கூடாது. நம் ஊர்த் தேர்தலை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம்.

அறுப்பின் பண்டிகைக்குக் கமிட்டி கூடும்போது பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஏலத்துக்கும் பொறுப்பாளர்களைத் தீர்மானிப்பீர்கள். அந்தக் கூட்டத்திலேயே மூவரின் பெயரையும் தீர்மானித்து, உங்கள் ஊரின் மெலிந்த மாதங்கள் எவை என்பதையும் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். நோட்டுக்கு எட்டுப் பத்தி போதும்: கொடுத்தவர், தேதி, பேசிய தொகை, கையில் வந்தது, கட்டியது, ஆண்டு வட்டி, ஜாமீன், எழுதிக் கொடுத்த காகிதம். பாக்கியைக் கடைசியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சபைகளில் கணக்கு எழுதுகிற சிலர்